அம்மாவின் பதினொரு கடவுச்சொற்கள்



நம் பள்ளி அலுவலகத்தின் உள்ளறையில் சுவரோடு பொருத்திய சிறிய மர அலமாரி ஒன்று இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனுள்ளே வரிசையாக ஆணிகள்; ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சாவி; ஒவ்வொரு சாவியிலும் ஒரு சிறு தகரத் துண்டு. வேதியியல் கூடம், நூலகம், தையல் அறை, விளையாட்டுச் சாமான் அறை, சிற்றாலயம் என்று அவற்றில் எழுதியிருக்கும். அந்த அலமாரிக்கும் ஒரு பூட்டு உண்டு. அதன் சாவி மட்டும் எப்போதும் சிஸ்டரிடம் இருக்கும். இத்தனை பூட்டுகளையும் சிஸ்டர் ஒருவரே எப்படிச் சமாளிக்கிறார் என்று ஆறாம் வகுப்பில் படிக்கும்போது நான் வியந்ததுண்டு. அவர் காப்பது ஒரே ஒரு சாவியைத்தான் என்பது பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகே எனக்கு விளங்கிற்று. அது விளங்கியதற்குக் காரணம் என் அம்மாவுக்கு நேர்ந்த ஒரு துன்பம். அம்மாவின் அனுமதி பெற்றே அதை இங்கு எழுதுகிறேன்.

வீட்டில் நடந்தது

என் அம்மா ஓர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறார். முன்பெல்லாம் அலுவலக வேலைக்குப் பேனாவும் பேரேடும் போதும். இப்போது கணிப்பொறியைத் திறக்க ஒரு கடவுச்சொல், மின்னஞ்சலுக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, ரசீதுகளுக்கு ஒன்று, வரிக் கணக்குக்கு ஒன்று என்று மொத்தம் பதினொன்று. சில, மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லும். சில, மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்றச் சொல்லும். ஒன்று பெரிய எழுத்து வேண்டும் என்னும். மற்றொன்று எண் வேண்டும் என்னும். மூன்று முறை தவறினால் கதவையே அடைத்துவிடும். அம்மா எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி விசைப்பலகையின் அடியில் வைத்திருந்தார். அவர் மட்டுமல்ல, அந்த அறையில் பலரும் அப்படித்தான் வைத்திருந்தார்களாம்.

சென்ற ஆண்டு எனக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. அம்மா நான்கு நாள் விடுப்பு எடுத்தார். அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு பட்டியலை அன்றே ஏற்ற வேண்டும், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள் என்றார்கள். என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே அம்மா அதைச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து, அம்மாவின் பெயரில் பதிவான ஒரு தொகை தவறு என்று விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்தது. அந்தத் தேதியில் தாம் விடுப்பில் இருந்ததை அம்மா எடுத்துக் காட்டினார். “அப்படியானால் உங்கள் கடவுச்சொல் மற்றவர்க்கு எப்படித் தெரிந்தது?” என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. தொகை திருத்தப்பட்டுவிட்டது, ஆனால் அந்தக் குறிப்பாணை அவருடைய கோப்பில் இன்றும் இருக்கிறது.

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. “எனக்கு வயதாகிவிட்டது, இதெல்லாம் நினைவில் நிற்பதில்லை” என்று மட்டும் சொன்னார். என் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பொருளைப் பற்றிப் படித்தே தீருவது என்று நான் முடிவு செய்தேன். எங்கள் கணிப்பொறி ஆசிரியை புத்தகங்களும் விளக்கமும் தந்து உதவினார். படித்து அறிந்தவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எண்ணித் தொகுத்துத் தருகிறேன்.

கடவுச்சொல் பிறந்த கதை

கடவுச்சொல் என்பது கணிப்பொறியோடு பிறந்ததன்று. கிறிஸ்து பிறப்பதற்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் உரோமைப் படையின் வழக்கம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். மாலை வேளையில் அன்றைய இரகசியச் சொல் ஒரு மரப்பலகையில் எழுதப்பட்டுப் படைப்பிரிவு ஒவ்வொன்றிற்கும் கைமாறிச் செல்லும். இருட்டுவதற்குள் எல்லாப் பலகைகளும் தலைவனிடம் திரும்பி வந்துவிட வேண்டும். ஒன்று குறைந்தாலும் எந்தப் பிரிவில் தங்கிவிட்டது என்று விசாரணை நடக்கும். சொல்லைப் பரப்புவதற்கு மட்டுமின்றி, அது எங்கே போயிற்று என்று கணக்கு வைப்பதற்கும் அவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

கணிப்பொறிக்குக் கடவுச்சொல் வந்தது 1960-களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையைப் பெர்னாண்டோ கார்பட்டோ என்ற அறிஞரின் குழு 1961-ல் செய்து காட்டியது. ஒருவருடைய கோப்புகளை மற்றவர் பார்க்காதிருக்கவே ஆளுக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டிலேயே முதல் திருட்டும் நடந்துவிட்டது! தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலையே கணிப்பொறியைக் கொண்டு அச்சிட்டு எடுத்துக்கொண்டார். அதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

இதைவிட எனக்கு ஆறுதல் தந்த செய்தி ஒன்று உண்டு. கடவுச்சொல்லைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்த அதே கார்பட்டோ 2014-ஆம் ஆண்டு ஒரு செய்தித்தாளுக்குப் பேட்டி அளித்தபோது, தமக்குச் சேர்ந்துவிட்ட சுமார் 150 கடவுச்சொற்களைத் தட்டச்சுச் செய்த மூன்று தாள்களில் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னார். இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். குறிப்பாணை வந்த பிறகு அம்மா முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

மறதி ஒரு குற்றமா?

மனித நினைவுக்கு எல்லை உண்டு என்பதைப் பெரிய அறிஞர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1967 ஜூன் 27-ஆம் நாள் இலண்டன் அருகே என்ஃபீல்டில் ஒரு வங்கியின் வாசலில் பணம் வழங்கும் இயந்திரம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பேரன் நம் நாட்டின் ஷில்லாங் நகரில் 1925-ல் பிறந்தவர். இரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்கலாம் என்று அவர் முதலில் நினைத்தாராம். அவருடைய மனைவி, தம்மால் நான்கு இலக்கங்களைத்தான் நினைவில் வைக்க முடியும் என்று சொல்ல, நான்காகக் குறைத்துவிட்டதாக அவரே கூறியிருக்கிறார். ஒரு குடும்பத் தலைவியின் நினைவாற்றலுக்கு ஏற்றபடி இயந்திரத்தை மாற்றினார்களே ஒழிய, இயந்திரத்திற்கு ஏற்றபடி அவர் மாறவேண்டும் என்று சொல்லவில்லை.

ஆனால் நான்கு இலக்கங்கள் மட்டும் கொண்ட சொல் எல்லா இடத்திற்கும் போதாது. கார்டு கையில் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பயன். சில முறை தவறினால் கார்டும் முடங்கிவிடும். அலுவலகக் கணிப்பொறிகள் அப்படியல்ல. உலகின் எந்த மூலையிலிருந்தும் அவற்றின் கதவைத் தட்டலாம். ஆகவே இங்கே எவை ஆபத்து என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

திருடன் எப்படிக் கண்டுபிடிக்கிறான்?

நல்ல முறையில் அமைந்த கணிப்பொறி நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அரிசியை மாவாக அரைப்பதுபோல அதை ஒரு கணக்கின் மூலம் அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. மாவை மீண்டும் அரிசியாக்க முடியாதன்றோ? நாம் மறுபடி வந்து சொல்லைத் தட்டும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறது.

ஆயினும் திருடன் சும்மா இருப்பதில்லை. மாவு அவன் கையில் சிக்கினால், அகராதிச் சொற்கள், பெயர்கள், பிறந்த தேதிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறான். ஒரே முறை அரைத்து எல்லாருடைய மாவோடும் ஒப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு எழுத்துகளைச் சிறிது கலந்து அரைப்பார்கள். அதற்கு நிபுணர்கள் வைத்த பெயரே ‘உப்பு’! ஆனால் சொல்லே எளிதாக இருந்தால் உப்பும் காப்பாற்றாது. 1979-ல் இராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 3,289 கடவுச்சொற்களைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றுள் 2,831 எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்தன. அதாவது நூற்றுக்கு 86. 2009-ல் இராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து சுமார் மூன்று கோடியே இருபது லட்சம் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அந்நிறுவனம் அவற்றை அரைக்காமல் அப்படியே வைத்திருந்தது. அவற்றுள் மிகுதியானோர் வைத்திருந்த சொல் எது தெரியுமா? ‘123456’ என்பதே. முப்பது ஆண்டுகளில் மனிதர் மாறவில்லை.

ஒரே சொல்லை எல்லாவற்றிற்கும் வைத்தால் என்ன?

பதினொரு கடவுச்சொற்கள் இருந்தால் யாருக்கும் தோன்றும் எளிய வழி இதுதான். என் அண்ணனும் அம்மாவுக்கு இதைத்தான் சொன்னான். ஆனால் ஒரே சாவி எல்லா அறைகளையும் திறக்குமானால், விளையாட்டுச் சாமான் அறைச் சாவி தொலைந்த அன்றே சிற்றாலயமும் திறந்து கிடக்கும்.

இது வெறும் கற்பனையன்று. டிராப்பாக்ஸ் என்பது மக்களின் கோப்புகளைப் பாதுகாத்துத் தரும் நிறுவனம். வேறு இணையதளங்களிலிருந்து திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு தன் கணக்குகள் சிலவற்றில் யாரோ நுழைந்ததாகவும், அவற்றுள் தன் ஊழியர் ஒருவரின் கணக்கும் ஒன்று என்றும் அது 2012-ல் அறிவித்தது. ஒரே சொல்லை இரண்டு இடங்களில் வைத்ததே வினையாயிற்று. இப்போது திருடர்கள் ஓரிடத்தில் கிடைத்த சொற்களை ஆயிரம் இடங்களில் இயந்திரத்தைக் கொண்டே பொருத்திப் பார்க்கிறார்கள். ஆகவே வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்பதும் போதாது; ஒவ்வொரு கதவுக்கும் தனிச் சாவி வேண்டும்.

எழுதி ஒட்டி வைத்தால் என்ன?

2015 ஏப்ரலில் பிரான்சு நாட்டின் டிவி5மாண்ட் என்னும் தொலைக்காட்சி நிறுவனம் கணிப்பொறித் தாக்குதலுக்கு ஆளாகி ஒளிபரப்பையே இழந்தது. அதைப்பற்றி அந்நிறுவனத்தின் செய்தியாளர் ஒருவர் வேறொரு தொலைக்காட்சிக்குப் பேட்டி அளித்தார். அவருக்குப் பின்னால் இருந்த சுவரில் அவர்களுடைய கடவுச்சொற்களே தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தன! நாடே அதைப் பார்த்தது. எழுதுவதில் தவறில்லை, எழுதிய தாளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடினமான சொல்லைச் சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம், பணத்தைப் பத்திரமாகக் காக்க நாம் பழகியிருக்கிறோம் அல்லவா என்ற கருத்தைப் புரூஸ் ஷ்னையர் என்னும் பாதுகாப்பு நிபுணர் 2005-ல் எழுதினார். விசைப்பலகையின் அடியில் வைத்த தாளோ, கதவு மிதியடியின் கீழ் வைத்த சாவியைப் போன்றது. திருடன் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

அடிக்கடி மாற்றினால் என்ன?

இதைப்பற்றி நிபுணர்களே தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டது வியப்பான செய்தி. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் பணிபுரிந்த பில் பர் என்பவர் 2003-ல் விதிகள் எழுதினார். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்பன அவற்றிலிருந்து உலகெங்கும் பரவின. விளைவு என்ன? மக்கள் பழைய சொல்லின் இறுதியில் இருந்த 1-ஐ 2 ஆக்கினார்கள். 2-ஐ 3 ஆக்கினார்கள். அம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். திருடனுக்கும் அது தெரியும். பணி ஓய்வு பெற்ற பிறகு 2017-ல், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகப் பில் பர் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதிகளைத் திருத்தியது. நீளமான சொற்றொடர் நல்லது, வெளியே கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மாற்றினால் போதும் என்பதே புதிய விதியின் சாரம். எனினும் அலுவலகத்தில் பழைய விதி இருக்கும்வரை ஊழியர் அதற்குக் கீழ்ப்படியத்தான் வேண்டும். ஆதலால் தலையில் வைக்கும் சொற்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி.

நாங்கள் செய்த ஏற்பாடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவும் நானும் உட்கார்ந்து, பதினொரு கதவுகளின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். கடவுச்சொற்களை எழுதவில்லை, அவை எனக்கும் தெரியக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். பிறகு அவற்றை இரண்டாகப் பிரித்தோம்.

முதல் பிரிவு, மனப்பாடம் செய்ய வேண்டியவை. கணிப்பொறியைத் திறக்கும் சொல், மின்னஞ்சலின் சொல், கடவுச்சொல் பெட்டகத்தின் சொல் ஆகிய மூன்று மட்டும். மின்னஞ்சல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று நாம் அழுத்தினால் புதிய சொல்லுக்கான வழி மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. அதைப் பிடித்தவன் மற்றக் கதவுகளையும் திறந்துவிடுவான்.

இந்த மூன்றையும் பகடை உருட்டித் தேர்ந்தெடுத்தோம்! 1995-ல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் வகுத்த முறை இது. பகடையை ஐந்து முறை உருட்டினால் 6 × 6 × 6 × 6 × 6, அதாவது 7,776 வகையில் எண்கள் விழலாம். 7,776 எளிய சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு உரிய சொல்லை எடுக்க வேண்டும். இவ்வாறு நான்கு சொற்கள். கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ள தோழியர் பெருக்கிப் பார்க்கலாம். சிறிய ஆங்கில எழுத்துகள் எட்டை எப்படி மாற்றி மாற்றி அடுக்கினாலும் வருபவை சுமார் 20,882 கோடி. நான்கு பகடைச் சொற்களால் வருபவையோ சுமார் 3,656 லட்சம் கோடி. இது முன்னதைப்போல் ஏறத்தாழ 17,500 மடங்கு. ஐந்தாவது சொல்லையும் சேர்த்தால் இன்னும் 7,776 மடங்கு பெருகும்.

நான்கு சொற்களை நினைவில் வைப்பதும் எளிது. குடை, நண்டு, ஏணி, மோர் என்று வந்தால், குடை பிடித்த நண்டு ஏணியில் ஏறி மோர் குடித்ததாக நினைத்துக்கொண்டால் போதும்; மறக்கவே மறக்காது. இந்த நண்டை யாரும் உங்கள் கடவுச்சொல்லாக வைத்துவிடாதீர்கள், ஆண்டுமலரில் அச்சாகிவிட்டது! அம்மா தனியறையில் பகடை உருட்டினார். அவர் தமக்குள் சிரிக்கும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

இரண்டாம் பிரிவு, மீதமுள்ளவை. இவற்றை மனப்பாடம் செய்யவே வேண்டாம். இவற்றிற்காகவே கடவுச்சொல் பெட்டகம் என்ற கணிப்பொறி நிரல் உண்டு. முன்னே குறிப்பிட்ட ஷ்னையர் 1997-லேயே அப்படி ஒன்றை உருவாக்கினார். பெட்டகம் ஒவ்வொரு கதவுக்கும் பொருளற்ற நீண்ட எழுத்துக்கோவையைத் தானே படைத்து, எல்லாவற்றையும் மறையெழுத்தாக மாற்றிப் பூட்டி வைக்கும். முதன்மைச் சொல்லைத் தட்டினால்தான் அவை மீண்டும் படிக்கக்கூடிய எழுத்தாகும். சிஸ்டரின் மர அலமாரியும் ஒரே சாவியும் இப்போது உங்கள் நினைவுக்கு வருகின்றனவா? மாற்றச் சொல்லி விதி வந்தாலும், பெட்டகமே புதிய சொல் படைத்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அலுவலகக் கணிப்பொறியில் நம் விருப்பப்படி எந்த நிரலையும் ஏற்றக்கூடாது. அம்மா முதலில் கணிப்பொறிப் பிரிவில் எழுத்து மூலம் அனுமதி கேட்டார். இரண்டு வாரம் கழித்து, அவர்களே ஒரு பெட்டகத்தை ஏற்றித் தந்தார்கள். முதன்மைச் சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டு இரும்புப் பெட்டியில் நகைகளோடு வைத்திருக்கிறார். ஒருவேளை நண்டு மறந்துபோனால் அது உதவும்.

இரண்டாவது பூட்டு

எவ்வளவு காத்தாலும் ஒரு சொல் திருடு போகலாம். ஆகவே முக்கியமான கதவுகளுக்கு இரண்டாவது பூட்டும் வேண்டும். பணம் எடுக்கக் கார்டும் எண்ணும் ஆகிய இரண்டும் தேவைப்படுவதுபோல, கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் கேட்கும் ஏற்பாடு இது. அந்த எண்ணை வங்கியிலிருந்து பேசுகிறோம், தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. உண்மையான அதிகாரிக்கு அது தேவைப்படாது.

இந்த இரண்டாவது பூட்டு இல்லாததால் என்ன நேரும் என்பதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் என்னும் எரிபொருள் குழாய் நிறுவனம் தன் வேலையையே நிறுத்த நேர்ந்தது. பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல் வெளியே கசிந்திருந்தது; அந்தக் கதவுக்கு இரண்டாவது பூட்டு இல்லை. ஒரே சொல்லைக் கொண்டு உள்ளே புகுந்தவர்களுக்கு நிறுவனம் 44 லட்சம் டாலர் மதிப்புள்ள பணயத்தொகை கொடுத்தது. பல நாட்கள் பெட்ரோல் நிலையங்களில் வண்டிகள் வரிசையில் நின்றன. வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளையும், யாரும் பயன்படுத்தாத கணக்குகளையும் உடனுக்குடன் மூட வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

இரவல் கொடுக்கலாமா?

குடையை இரவல் கொடுக்கலாம், புத்தகத்தை இரவல் கொடுக்கலாம். கடவுச்சொல்லை மட்டும் கொடுக்கக்கூடாது. நம் கடவுச்சொல்லால் நடக்கும் ஒவ்வொரு செயலிலும் நம் பெயரே பதிகிறது. அது நம் கையெழுத்துக்குச் சமம். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு யாரிடமாவது கொடுப்போமா? நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி என்னும் பிரிவு இருக்கிறது. பிறருடைய கடவுச்சொல்லை ஏமாற்றும் நோக்கத்தோடு பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் கூறப்பட்டுள்ளன.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. அம்மா சொல்லைக் கொடுத்தது இரக்கத்தாலும் அவசரத்தாலும். கேட்டவரும் கெட்டவர் அல்லர். அன்றைய வேலை நின்றுவிடுமே என்ற கவலையில் கேட்டார். ஒருவர் விடுப்பில் போனால் அவர் வேலையை மற்றவர் தம் சொந்தப் பெயரிலேயே செய்வதற்கு ஏற்பாடு இருந்திருந்தால், யாருக்கும் தொலைபேசி செய்ய வேண்டியே இருந்திராது. அந்த ஏற்பாட்டைச் செய்வது அலுவலகத்தின் கடமை. அதுபோலவே, ஊழியருக்குப் பதினொரு கதவுகளைக் கொடுத்துவிட்டு, மறந்தால் கடிந்துகொள்வதும் முறையன்று. காலையில் ஒருமுறை தம்மை நிரூபித்துவிட்டால், அன்று முழுவதும் மற்றக் கதவுகள் தாமே திறக்கும்படி செய்யலாம். 1980-களிலேயே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கெர்பரோஸ் என்ற பெயரில் இத்தகைய முறையை உருவாக்கிவிட்டார்கள். தேர்வுக்கூட வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டால் பிறகு அதைக் காட்டினால் போதும் அல்லவா, அதுபோல. இப்போது கடவுச்சொல்லே இல்லாமல், நம் கைப்பேசியில் உள்ள இரகசியச் சாவியைக் கொண்டு கைரேகையால் திறக்கும் முறையும் பரவி வருகிறது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைச் சுருக்கிச் சொன்னால்: ஒவ்வொரு கதவுக்கும் தனிச் சொல் வைப்போம், மூன்றை மட்டும் மனத்தில் வைத்து மற்றவற்றைப் பெட்டகத்தில் பூட்டுவோம், முக்கியமான கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போடுவோம், யாருக்கும் இரவல் கொடோம். தோழியரே, இன்னும் சில ஆண்டுகளில் நாமும் மருத்துவமனையிலோ வங்கியிலோ பள்ளியிலோ பணிக்குச் செல்லப் போகிறோம். அப்போது மூத்தவர் ஒருவர் கடவுச்சொல்லை மறந்து தடுமாறினால், அவரைப் பார்த்துச் சிரிக்காமல் அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுப்போம்.

அரையாண்டுத் தேர்வின்போது பாட்டிக்கு உடல்நலம் குன்றி, அம்மா மீண்டும் விடுப்பு எடுத்தார். முன்போலவே அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல் சற்று நடுங்கிற்று, ஆனாலும் பணிவோடு சொன்னார்: “தப்பாக நினைக்காதீர்கள். என் கடவுச்சொல்லைத் தர இயலாது. மேலாளரிடம் கேளுங்கள், உங்கள் பெயரிலேயே இன்று ஒருநாள் அனுமதி தருவார். அதற்கு மனு எழுதி முன்பே கொடுத்திருக்கிறேன்.” கால் மணி நேரம் கழித்து, அனுமதி கிடைத்துவிட்டது என்று மறுபடியும் தொலைபேசி வந்தது. அம்மா பாட்டிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தேன்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி